முகத்துக்கு நூறு பிக்சல்

1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளையும் அவர் பதிவுசெய்தார். மெழுகேற்றிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்த காலம் அது. தூரத்தில் நின்று ஒரே படமாக எடுத்திருந்தால் கோயிலின் கம்பீரம் கிடைத்திருக்கும், எழுத்து கிடைத்திருக்காது. டிரைப் அடித்தளத்தைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக்கினார். பார்ப்பவருக்கு எந்த விவரம் தெரிய வேண்டுமோ அதன் அளவை வைத்துத்தான் படத்தின் அளவை அவர் முடிவுசெய்திருக்கிறார். அவருடைய கருவிகளோடு ஒப்பிட்டால், இன்று ஓர் ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனே எவ்வளவோ வசதியானது. ஆனாலும் அதே தஞ்சையிலும் சுற்றியுள்ள டெல்டா ஊர்களிலும் பள்ளி ஆண்டு மலர்கள் தயாராகும் முறை பெரும்பாலும் டிரைப் செய்ததற்கு நேர் எதிரானது. முதலில் பக்கக் கணக்கு முடிவாகிறது. மிஞ்சிய இடத்துக்குள் பிள்ளைகளின் முகங்கள் அடக்கப்படுகின்றன.

சம்பா அறுவடை முடிகிற தை, மாசி மாதங்களில்தான் இங்கே பள்ளிகளில் குரூப் போட்டோ எடுப்பதும் மலர் வேலையும் சூடுபிடிக்கும். மைதானத்தில் பெஞ்ச் போட்டு, உயரப்படி நிறுத்தி, ஒரு வகுப்பையே ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவருவார்கள். புத்தகம் கைக்கு வரும்போது படத்துக்குக் கீழே ‘அமர்ந்திருப்போர், நிற்போர், இடமிருந்து வலமாக’ என்று பெயர்கள் துல்லியமாக அச்சாகியிருக்கும். மேலே பின்வரிசையில் நிற்கிற பிள்ளையோ கண், மூக்கு பிரித்தறிய முடியாத ஒரு பழுப்புப் புள்ளியாக இருப்பான். சிறப்பு விருந்தினர் மாலையோடு முழுப் பக்கத்தில் தெளிவாக இருப்பார். கேமரா சரியில்லை, அச்சகம் சரியில்லை என்று பழி சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். உண்மையில் கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது. ‘300 டிபிஐ இருக்கிறதா?’, ‘எத்தனை மெகாபிக்சல் கேமரா?’ என்ற கேள்விகளால் பயன் குறைவு. அந்தப் பக்கத்திலேயே மிகச் சிறிய முகம் எதுவோ, அதற்கு எத்தனை பிக்சல் கிடைக்கிறது, அது காகிதத்தில் எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் விழுகிறது என்றுதான் கேட்க வேண்டும். முகத்தின் அகலத்துக்கு நூறு பிக்சல், அச்சில் எட்டு மில்லிமீட்டர் என்பது என் கணக்கு. அது எப்படி வருகிறது என்பதை விளக்க வேண்டியது என் கடமை.

300 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆப்செட் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறத்தையோ இளஞ்சிவப்பையோ படிப்படியாக மங்கவைத்து அச்சிடத் தெரியாது. மை இருக்கிறது அல்லது இல்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே படத்தைச் சிறிய, பெரிய புள்ளிகளாக உடைத்துப் பிளேட்டில் ஏற்றுகிறார்கள். ஆர்ட் பேப்பரில் பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி வரிகள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பிக்சல் இருந்தால் புள்ளிகள் ஒழுங்காக உருவாகும் என்பது அச்சுத் தொழிலின் அனுபவ விதி. அந்த 150ஐ இரண்டால் பெருக்கி வந்ததுதான் 300. ஒரு வரிக்கு ஒன்றரை பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 225 இருந்தாலும் பெரும்பாலான முகங்கள் தாக்குப்பிடிக்கும். மேப்லித்தோ தாளில் மை சற்று ஊறிப் பரவுவதால் வரிகளைக் குறைத்து 120, 133 என்று வைப்பார்கள். அங்கே 240, 266 போதும். செய்தித்தாளில் வரிகள் 100க்குள் இருக்கும் என்பதால் 200 பிக்சலே தாராளம். ஆகவே 300 என்பது தாளையும் இயந்திரத்தையும் பொறுத்த ஒரு கணக்கு. அது படத்தின் குணம் அல்ல. ஃபோட்டோஷாப்பில் ஒரு பெட்டியில் 72 என்றிருப்பதை 300 என்று மாற்றித் தட்டினால் படத்தில் புதிய விவரம் எதுவும் பிறக்காது. லேஅவுட் மேசையில் இது தெரியாமல் நடக்கும்போது, படம் சரியாகிவிட்டது என்ற பொய்யான நிம்மதியோடு கோப்பு பிளேட்டுக்குப் போய்விடுகிறது.

ஐம்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர். இன்று சாதாரண செல்போனும் தரும் 12 மெகாபிக்சல் படம் என்பது 4,000க்கு 3,000 பிக்சல். கூட்டம் சட்டகத்தின் அகலத்தில் பத்தில் ஒன்பது பங்கை நிரப்பும்படி எடுத்தால் 3,600 பிக்சலைப் பதின்மூன்று பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 277. தோளோடு தோள் நெருங்கி நிற்கும் ஒருவர் அடைத்துக்கொள்ளும் அகலத்தில் முகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அதாவது முகத்துக்கு ஏறத்தாழ நூறு பிக்சல். நிழலில், நல்ல வெளிச்சத்தில், கை ஆடாமல் எடுத்தால் அந்த நூறில் கண்ணின் ஒளியும் இருக்கும், நெற்றிப் பொட்டும் இருக்கும். வாடகைக்கு வரும் ஸ்டுடியோக்காரரின் 24 மெகாபிக்சல் கேமரா 6,000 பிக்சல் அகலம் தரும், அதில் முகத்துக்கு நூற்றைம்பது. 108, 200 என்று விளம்பரத்தில் வரும் செல்போன் எண்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அவை வழக்கமாகப் பல பிக்சல்களைச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. பள்ளிக்குத் தேவையானது ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம். அது வழியிலும் பக்கத்திலும் தொலைகிறது.

வழியில் தொலைவது வாட்ஸ்அப்பில். படம் எடுத்தவர் வகுப்பாசிரியருக்கு, அவர் மலர்க்குழுவுக்கு, குழு டிடிபி மையத்துக்கு என்று அனுப்பும் சங்கிலியில், சாதாரணத் தரத்தில் படத்தின் நீண்ட பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்குகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பேரிழப்பாகத் தோன்றாது. 18 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 226 வருகிறது. ஆனால் முகத்துக்குக் கிடைப்பது நாற்பது பிக்சல்தான், அந்த நாற்பதும் முழுசாக இல்லை. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய வேறுபாடுகளை விட்டுவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குகிறது. நாற்பது பிக்சல் முகத்தில் ஒரு கண் என்பது ஏறக்குறைய ஒரே ஒரு கட்டம். கடுமையாகச் சுருக்கும்போது கண்ணே ஒரு சதுரக் கறையாகிவிடும். வயலுக்கோ மைதானத்துக்கோ இந்த இழப்பு தெரியாது, முகத்துக்குத் தெரியும். யாராவது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அகலம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்து, முகத்துக்கு இருபத்தேழு இருபத்தெட்டு பிக்சல் மிஞ்சும். 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் ஹெச்டி வசதியைக் கொண்டுவந்தது, அதிலும் சுருக்கம் உண்டு. படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியாக அனுப்பினாலோ, பென்டிரைவில் கொடுத்தாலோ ஒரு பிக்சலும் குறையாது. இத்தனை எளிய மாற்று இருந்தும் ஆண்டுக்கு ஆண்டு படங்கள் பாழாவதற்குக் காரணம், அதை யாருடைய பொறுப்பாகவும் பள்ளி எழுதி வைக்காததே.

பக்கத்தில் தொலைவது இன்னும் பெரிது, இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. ஏ4 அளவு மலரில் ஓரங்கள் போக 18 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். அதில் பதின்மூன்று பேர் நின்றால் ஆளுக்கு 14 மில்லிமீட்டர், முகத்துக்கு ஐந்து. அங்குலத்துக்கு 150 வரி என்றால் ஐந்து மில்லிமீட்டரில் முப்பது புள்ளிகள்தான் விழும். மூலப்படம் 12 மெகாபிக்சலாக இருந்தாலும் 100 ஆக இருந்தாலும் அந்த முப்பதைத் தாண்ட இயந்திரத்தால் முடியாது. முகத்தை எட்டு மில்லிமீட்டராக்கினால் நாற்பத்தேழு புள்ளி. உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் புள்ளிகள் இரண்டரை மடங்காகின்றன. பிள்ளையை அடையாளம் காண முடிவதும் முடியாததும் இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. படத்தைத் திருப்பி, பக்கத்தின் நீளவாக்கில் 27 சென்டிமீட்டருக்கு வைக்கலாம், படிப்பவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். அல்லது டிரைப் செய்ததைச் செய்யலாம். வகுப்பை இருபத்தைந்து பேராக இரண்டாகப் பிரித்து, மூன்று வரிசையில் எட்டு ஒன்பது பேராக நிறுத்தி எடுத்து, இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வைக்கலாம். இரண்டிலும் முகம் எட்டு மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிடும். எனக்கு இரண்டாவது வழியே பிடித்தது. நாலாவது வரிசை என்ற ஒன்றே இல்லாமல் போவதால் முன்னால் நிற்பவர் தலைக்குப் பின்னால் ஒளியும் பிள்ளைகள் குறைவார்கள். இரண்டு பக்கங்களுக்கு விரித்துப் போடுவது மட்டும் கூடாது, நடுவில் நிற்பவர் தையல் மடிப்புக்குள் போய்விடுவார்.

‘இதற்கெல்லாம் பணம் யார் தருவது?’ என்பது தலைமையாசிரியரின் நியாயமான கேள்வி. பிக்சலுக்குப் பணம் இல்லை. அச்சகத்தின் கட்டணம் தாள், நிறம், பக்கங்கள், பிரதிகள் என்ற நான்கைப் பொறுத்தது. பெரிய கோப்புக்கும் சிறிய கோப்புக்கும் பிளேட்டின் விலை ஒன்றே. நாற்பது வகுப்புகளின் முழு அளவுப் படங்களும் ஒரு சிறிய பென்டிரைவில் தாராளமாக அடங்கும். செலவு வருவது கூடுதல் பக்கத்தால்தான், அதை மறைக்க விரும்பவில்லை. இந்த டெல்டாவின் அச்சு வரலாறே அந்தச் செலவோடு மல்லுக்கட்டித்தான் தொடங்கியது. தரங்கம்பாடியில் 1713 வாக்கில் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியபோது, அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். ஆனால் படிக்க முடிகிற எல்லைக்குள்தான் சிறிதாக்கினார்கள். ஆண்டு மலரில் அந்த எல்லையை மீறித்தான் முகங்களைச் சிறிதாக்குகிறோம், பக்கம் இல்லாமல் அல்ல. வாழ்த்துச் செய்திகளுக்கு ஆளுக்கொரு பக்கம், மேடையில் பொன்னாடை போர்த்தும் காட்சி பல கோணங்களில், நிர்வாகிகளின் முழுப்பக்கப் படங்கள் என்று இடம் போகிறது. நாலு வாழ்த்துச் செய்திகளை இரண்டு பக்கத்தில் அடக்கினால் யாருக்கும் மரியாதை குறையாது, நான்கு வகுப்புகளுக்கு அரைப் பக்கம் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே ரெசல்யூஷன் என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தோன்றினாலும், பாதிக்கு மேல் அது யாருடைய முகத்துக்கு எவ்வளவு தாள் என்ற கேள்வி. புத்தகத்துக்குப் பணம் கட்டுவது பிள்ளைகளின் பெற்றோர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தனித்தனிப் படங்கள் போடும் பள்ளிகளில் வேறொரு தவறு நடக்கிறது. பாஸ்போர்ட் அளவான 35க்கு 45 மில்லிமீட்டரை 300 பிக்சல் கணக்கில் அச்சிட 413க்கு 531 பிக்சல் போதும். எந்தச் செல்போனும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு தரும். ஆனால் புதிதாக எடுக்காமல், ஏதோ ஓர் இணைய விண்ணப்பத்துக்காக 50 கேபிக்குள் நசுக்கி வைத்திருந்த படத்தையே மலருக்கும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். படிவத்தில் ஆளைச் சரிபார்க்க அது போதுமானது. காலமெல்லாம் வைத்திருக்கப்போகும் தாளுக்கு அது போதாது.

இப்போது புதிதாக எழும் பதில், ‘மங்கலாக இருந்தால் என்ன, செயற்கை நுண்ணறிவு தெளிவாக்கித் தந்துவிடுமே’ என்பது. மற்ற எல்லா வாதங்களையும்விட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அந்தச் செயலிகள் தொலைந்த விவரத்தை மீட்பதில்லை. தாம் கற்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றும் விவரத்தை இட்டு நிரப்புகின்றன. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்ஸ் என்ற முறையிடம் பராக் ஒபாமாவின் மங்கலாக்கப்பட்ட படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் தெளிவான முகத்தைத் தந்தது உலகமெங்கும் விவாதமானது. கருவிகள் அதன்பின் முன்னேறியிருக்கின்றன, ஆனால் இல்லாததை ஊகிப்பது என்ற அடிப்படை மாறவில்லை. நாற்பது பிக்சல் முகத்தைத் தெளிவாக்கும்போது திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளையின் கன்னத்து மச்சம் கறை என்று துடைக்கப்படலாம், நிறம் வெளுக்கலாம், பல் வரிசை சீராகலாம். மங்கலான படம் குறைவாகச் சொல்லும், இது பொய் சொல்லும். அதிலும் தாய்க்கு மட்டும் ஏதோ இடறும், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. வானத்துக்கோ கட்டடத்துக்கோ அந்தக் கருவியைப் பயன்படுத்தட்டும். பிள்ளைகளின் முகத்தில் அது கை வைக்கவே கூடாது என்று பள்ளிகள் அச்சகத்திடம் எழுத்திலேயே கேட்க வேண்டும்.

‘எல்லாம் செல்போனில் இருக்கும்போது புத்தகப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?’ என்று கேட்பவர்கள் செல்போனின் ஆயுளை யோசிப்பதில்லை. போன் மாறும், கணக்கு முடங்கும், நினைவகம் நிரம்பியதும் பழையது முதலில் அழியும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவில் எத்தனையோ வீடுகளின் கூரையைப் பிய்த்தெறிந்தது. கூரை போன வீட்டில் ஆல்பமும் நனையும், போனும் நனையும். ஐந்நூறு வீடுகளுக்குப் பிரிந்து போன ஆண்டு மலரில் ஒரு பிரதியாவது எங்காவது உலர்ந்து கிடக்கும். இதைவிட மலிவான காப்பகம் கிராமத்துக்குக் கிடையாது. ஒரு சிறிய படத்திலிருந்து எதிர்காலம் எவ்வளவு கேட்கும் என்பதற்குக் கும்பகோணத்திலேயே சான்று இருக்கிறது. அங்கே டவுன் ஸ்கூலில் படித்த கணித மேதை ராமானுஜனுக்கு மிகச் சில படங்களே உண்டு. கணிதவியலாளர் ஹார்டி கேட்டுக்கொண்டதால், 1936இல் இந்தியா வந்த இயற்பியலாளர் சந்திரசேகர் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைச் சந்தித்தார். அவரிடமிருந்த பாஸ்போர்ட்டில் 1919ஆம் ஆண்டுப் படம் இருந்தது. 1940இல் வந்த ஹார்டியின் நூலில் இடம்பெற்றது அந்தப் படம். 1980களில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் வடித்த மார்பளவுச் சிலைக்கும் அதுதான் ஆதாரம். சிறிய படமாக இருந்தாலும் முகம் அதில் தெளிவாக இருந்ததால்தான் ஒரு சிற்பியால் அதை நம்பி வேலை செய்ய முடிந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து எண்ணிம வடிவில் பாதுகாத்திருப்பதும், சாதாரண மனிதர்களின் முகங்கள் வரலாறு என்பதால்தான்.

தெளிவான முகம் தவறான கைக்குப் போனால் ஆபத்து என்ற அச்சத்தை மட்டும் நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். குறிப்பாக மாணவிகளின் படங்களை வெட்டித் திரிக்கும் காலம் இது. 2023இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஆனால் இதற்கு மருந்து அச்சுப் படத்தை மங்கலாக்குவதல்ல. இங்கேயும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். மலரின் பிடிஎஃப் கோப்பை முழுத் தரத்தில் எல்லாக் குழுக்களிலும் சுற்றவிட்டுவிட்டு, தாளில் மட்டும் மங்கலாக அச்சிடுகிறோம். இணையத்துக்கு அங்குலத்துக்கு 72 பிக்சல் அளவில் சிறிதாக்கிய பிரதி போதும், மூலப்படங்கள் பள்ளியின் வன்தட்டில் பூட்டியிருக்கட்டும். அச்சானதிலிருந்து முப்பது நாற்பது புள்ளிகளை ஸ்கேன் செய்து திரிப்பது, இணையத்தில் கிடைக்கும் கோப்பைத் திரிப்பதைவிடக் கடினம்.

எனவே அச்சகத்துக்குக் கொடுக்கும் வேலை ஆணையில் நான்கைந்து வரிகள் சேர்ந்தாக வேண்டும். எந்தத் தாள், எத்தனை வரி ஸ்கிரீன் என்பதை அச்சகம் முதலில் சொல்லட்டும். குரூப் படத்தில் முகத்தின் அகலம் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கேமராவிலிருந்து நேராக எடுத்த கோப்பே கொடுக்கப்படும், வாட்ஸ்அப்பில் வந்ததை டிடிபி மையம் ஏற்கக் கூடாது. பிளேட் போடும் முன் ஒவ்வொரு வகுப்புப் பக்கத்துக்கும் உண்மை அளவில் ஒரு வண்ணப் புரூஃப் வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டுவது புரூஃப் பார்ப்பதாகாது. அந்தத் தாளை எழுத்துப் பிழை பார்க்கும் தமிழாசிரியரிடம் மட்டும் கொடுத்தால் போதாது. வகுப்புக்கே கொண்டுபோய், கடைசி வரிசையின் இரண்டு ஓரங்களிலும் நின்ற பிள்ளைகளிடம் கொடுத்து, பெயரைப் பார்க்காமல் தன்னையும் பக்கத்தில் நின்றவரையும் காட்டச் சொல்ல வேண்டும். அவர்களால் முடியவில்லை என்றால் அந்தப் பக்கம் பிளேட்டுக்குப் போகக் கூடாது. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் மறுபடி எடுக்க நேரமிருக்காது. அதனால் குரூப் போட்டோவைப் பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வாரத்திலேயே, பனி விலகி வெயில் உச்சிக்கு வருமுன், மரநிழலில் எடுத்துவிடுவது நல்லது.